காலை எடுத்தும் ஆர்பிஎம் இறங்கவில்லை: பழைய எம்ஜிபி-யில் த்ராட்டில் எங்கே பிடிக்கிறது?

கேள்வி இதுதான்: 1967-ம் ஆண்டு எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் எஸ்யூ எச்எஸ்4 வகைக் கார்புரேட்டர் இரண்டு. என்ஜின் சூடேறிய பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் எண்ணிக்கை) 2,000-க்கு மேலேயே நிற்கிறது. பெடலை ஒரு தட்டு தட்டினால் இறங்கிவிடுகிறது. என்ஜினை அணைத்துவிட்டுக் கையால் இழுத்து விட்டுப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் திரும்புகிறது. மெக்கானிக், "ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு, தடிமனான ஸ்பிரிங்காப் போட்டுடலாம்" என்கிறார். போடலாமா?

போடாதீர்கள். ஸ்பிரிங் உண்மையிலேயே தளர்ந்திருந்தால் அதே அளவில் புதிது போடலாம், அது வேறு விஷயம். ஆனால் பிடிக்கிற இடத்தைக் கண்டுபிடிக்காமல் இழுவையை மட்டும் கூட்டினால் பிடிப்பு அப்படியே இருக்கும், சில நாள் வெளியே தெரியாது, அவ்வளவுதான். அதற்குள் அந்தத் தடித்த ஸ்பிரிங் த்ராட்டில் ஸ்பிண்டிலை (காற்று வழியைத் திறந்து மூடும் தட்டைச் சுமக்கும் அச்சை) ஒரே பக்கமாக இழுத்து இழுத்து, கார்புரேட்டரில் அது உட்காரும் துளையை முட்டை வடிவில் தேய்த்துவிடும். தேய்ந்த துளை வழியாகக் காற்று உள்ளே போகும், ஐட்லிங் (பெடலில் கால் வைக்காதபோது என்ஜின் ஓடும் குறைந்த வேகம்) நிலையாக நிற்காது, பெடலும் கனத்துப்போகும். கடைசியில் பழைய பிடிப்பு இன்னும் பெரிதாகத் திரும்பி வரும்.

இது சரியாகும்வரை வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். இன்று 2,000-ல் நிற்பது நாளை முழுத் திறப்பில் நிற்கலாம். ஓடும்போது அப்படி ஆகிவிட்டால் முதலில் கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். என்ஜின் அலறும், அலறட்டும். பிரேக்கை ஒரே அழுத்தாக, உறுதியாக மிதியுங்கள். விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது. த்ராட்டில் திறந்திருக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாயில்) வெற்றிடம் இருக்காது, எனவே பிரேக் சர்வோ (அந்த வெற்றிடத்தால் மிதிப்புக்கு உதவும் கருவி) உள்ள வண்டியில் சேமிப்பில் இருக்கும் உதவி ஒன்றிரண்டு மிதிப்பிலேயே தீர்ந்துவிடும். அடுத்து இக்னிஷனை அணைக்கவும். ஸ்டியரிங் பூட்டு உள்ள வண்டியானால் சாவியை ஒரு நிலை மட்டும் திருப்புங்கள், வண்டி நிற்கும்வரை வெளியே இழுக்கவே கூடாது.

இனி தேடலுக்கு வருவோம். எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. என்ஜினைச் சூடாக்கி, அந்தக் கோளாறை வரவழையுங்கள். ஆர்பிஎம் மேலே நிற்கும்போது பானெட்டைத் திறந்து, இரண்டு கார்புரேட்டரிலும் ஸ்பிண்டிலின் நுனியில் உள்ள லீவர், மூடும்போது அதைத் தாங்கி நிறுத்தும் ஐட்லிங் ஸ்க்ரூவின் நுனியைத் தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விரலால் மூடும் பக்கம் மெல்ல அழுத்தியும் பாருங்கள். மேனிஃபோல்டும் ஃபேனும் பக்கத்திலேயே இருப்பதால் சட்டைக்கை, டை, தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம். லீவர் ஸ்க்ரூவைத் தொடாமல் நின்று, விரல் பட்டதும் இறங்கினால் பிடிப்பு இயந்திர பாகத்தில்தான். லீவர் ஏற்கெனவே ஸ்க்ரூவில் உட்கார்ந்திருந்தும் ஆர்பிஎம் மேலேயே இருந்தால் லிங்கேஜ் (பெடலிலிருந்து த்ராட்டில்வரை உள்ள இணைப்பு) குற்றவாளியே அல்ல. அப்போது பார்க்க வேண்டியது வேறு: மேனிஃபோல்டு கேஸ்கட்டில் காற்றுக் கசிவு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் பாகத்துக்குள்) உள்ள எடைகள் காய்ந்து இறுகி இக்னிஷன் டைமிங் முன்னேறிய நிலையிலேயே நிற்பது, குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் சோக்கின் கேம் முழுதாகத் திரும்பாமல் வேக ஐட்லிங் ஸ்க்ரூவைத் தாங்கிக்கொண்டிருப்பது. சில எஸ்யூ கார்புரேட்டர்களில், குறிப்பாகப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக மாற்றப்பட்டவற்றில், ஸ்பிண்டிலோடு சுழலும் பட்டர்பிளை தட்டிலேயே ஒரு சின்ன ஸ்பிரிங் வால்வு இருக்கும். அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலும் தட்டு மூடியிருக்கும்போதே காற்று போய் ஆர்பிஎம் இறங்காது. வால்வு இல்லாத சாதாரணத் தட்டைப் போட்டால் தீர்ந்தது.

இந்த இடத்தில் பலரும் உடனே கார்புரேட்டரின் மேலுள்ள டாஷ்பாட்டைத் திறந்து, அதற்குள் காற்றோட்டத்துக்கேற்ப ஏறி இறங்கும் பிஸ்டனைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். எஸ்யூ என்றாலே பிஸ்டன்தான் சிக்கும் என்று ஒரு எண்ணம் பரவிக் கிடக்கிறது. ஆனால் என்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைத் தீர்மானிப்பது பட்டர்பிளை தட்டு. அது மூடிவிட்டால் பிஸ்டன் மேலே சிக்கியிருந்தாலும் என்ஜின் 2,000-ல் நிற்காது. கலவை கெட்டு, தடுமாறி, ஒருவேளை அணைந்தே போகும். உங்கள் வண்டியின் அறிகுறி அதுவல்ல.

நீங்கள் சொன்னதில் இரண்டு நல்ல தடயங்கள் இருக்கின்றன. பெடலைத் தட்டினால் இறங்குகிறது என்பது உராய்வைக் காட்டுகிறது. காற்றுக் கசிவாக இருந்தால் தட்டினாலும் இறங்காது. இரண்டாவதுதான் முக்கியம்: அணைத்த என்ஜினில் எல்லாம் ஒழுங்கு, ஓடும் என்ஜினில்தான் சிக்கல்.

ஓடும்போது மட்டும் என்ன மாறுகிறது? வெற்றிடம். எச்எஸ்4-ன் துளை ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. பட்டர்பிளை தட்டின் பரப்பு ஏறத்தாழ 11.4 சதுர செ.மீ. ஐட்லிங்கில் மேனிஃபோல்டு வெற்றிடம் பாதரச அளவில் 18 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர செ.மீ.க்கு 0.6 கிலோவுக்குச் சற்று மேல். பெருக்கிப் பாருங்கள்: தட்டை என்ஜின் பக்கமாக ஏறத்தாழ 7 கிலோ விசை இழுக்கிறது. அந்த 7 கிலோவையும் தாங்குவது ஸ்பிண்டிலின் இரண்டு முனைகள்தான், முனைக்கு மூன்றரை கிலோ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று காலை எடுத்தால் வெற்றிடம் இன்னும் ஏறும். ஆக, ஸ்பிண்டில் எந்தக் கணத்தில் லேசாகச் சுழன்று மூட வேண்டுமோ, அதே கணத்தில்தான் அது மிகக் கடுமையாக அழுத்தப்படுகிறது. புதிய ஸ்பிண்டிலுக்கு இது பொருட்டே இல்லை. ஒரு பக்கமாகத் தேய்ந்து படி விழுந்த ஸ்பிண்டிலுக்கு இதுவே போதும், அந்தப் படியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். என்ஜினை அணைத்தால் 7 கிலோவும் போய்விடும், ஸ்பிண்டில் பழையபடி லேசாகச் சுழலும். அதனால்தான் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று சொல்லத் தோன்றுகிறது.

இதை அணைத்த என்ஜினிலேயே போலியாக உண்டாக்கிப் பார்க்கலாம். கேபிளையும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் தண்டின் கிளாம்ப்களையும் தளர்த்துங்கள். இப்போது ஒவ்வொரு ஸ்பிண்டிலும் தனித்தனி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பிண்டில் நுனியைக் கட்டைவிரலால் என்ஜின் பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் லீவரை மெதுவாகத் திறந்து மூடுங்கள். அழுத்தாதபோது வழுக்கிக்கொண்டு போன ஸ்பிண்டில், அழுத்தும்போது ஓரிடத்தில் "நறுக்"கென்று நின்று பிறகு விடுபட்டால் உங்கள் திருடன் அகப்பட்டான். கூடவே நுனியை மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் தேய்மானம் உறுதி. இன்னும் ஒரு சான்று வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மாட்டி, என்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஸ்பிண்டில் துளைக்குள் நுழையும் இடத்தில் ஒரு சொட்டு என்ஜின் ஆயில் விடுங்கள். சில நொடிகளுக்கு ஐட்லிங் மாறினால் அந்த வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. இதற்குக் கார்ப் கிளீனர் ஸ்பிரே அடிப்பவர்கள் உண்டு. எம்ஜிபி-யில் கார்புரேட்டர்களுக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது. சூடான என்ஜினில் அங்கே எரியக்கூடிய ஸ்பிரே அடிப்பது வேண்டவே வேண்டாம்.

தேய்ந்திருந்தால் வழி இரண்டு. ஸ்பிண்டில் மட்டும் தேய்ந்து துளை நன்றாக இருந்தால் புது ஸ்பிண்டில் போதும். துளையும் போயிருந்தால் துளையைச் சீவி சற்றுப் பெரிய ஸ்பிண்டில் போட வேண்டும், அல்லது புஷ் (துளைக்குள் செருகும் உலோக வளையம்) அடிக்க வேண்டும். இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டிய வேலை இது. கை டிரில்லில் செய்யக்கூடியதல்ல, லேத் பட்டறையில் கொடுங்கள்.

ஸ்பிண்டிலைக் கழற்றப் போனால் பட்டர்பிளை தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்களைச் சந்திப்பீர்கள். அவற்றின் நுனி பிளந்து விரிக்கப்பட்டிருக்கும், அதிர்வில் கழன்று வராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. கழற்றும் முன் விரிந்த நுனியைக் குறடால் சேர்த்து அழுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஸ்பிண்டிலின் மரை போய்விடும். திரும்ப மாட்டும்போது புது ஸ்க்ரூதான். பழையதைப் போட்டு அது ஓடுகையில் உடைந்து விழுந்தால் போகுமிடம் சிலிண்டர்.

தட்டைப் பொருத்துவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தட்டின் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருக்கும், எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று கழற்றும் முன் மார்க்கரால் குறித்துவைக்கவும். ஸ்க்ரூக்களை லேசாக மட்டும் திருகி, ஐட்லிங் ஸ்க்ரூவை முழுதும் பின்னுக்கு எடுத்து, லீவரை இரண்டு மூன்று முறை படக் படக்கென்று மூட விடுங்கள். தட்டு தானாகவே துளையின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே நிலையில் அழுத்திப் பிடித்து இறுக்குங்கள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் விளிம்பைச் சுற்றிலும் ஒளி ஒரே சீராக, மயிரிழை அளவு தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருட்டாகவும் மறுபக்கம் பிறை போலவும் தெரிந்தால் மறுபடி தளர்த்தி உட்கார வையுங்கள். திருப்தியானதும் ஸ்க்ரூ நுனிகளை விரித்துவிடுங்கள். இந்த வேலை முடிந்ததும் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திரும்ப உள்ளே திருகிவிடுங்கள், வண்டி ஓடும்போது அது ஒருபோதும் முழுதாகப் பின்வாங்கிய நிலையில் இருக்கக் கூடாது. தட்டு துளைச் சுவரில் நேரடியாக ஆப்பு போல இறங்கிவிடும். சூட்டில் மூடிய தட்டு, குளிர்ந்ததும் இன்னும் இறுகும், ஏனென்றால் அலுமினிய உடல் பித்தளைத் தட்டைவிட அதிகம் சுருங்கும். காலையில் முதல் மிதிக்கு மட்டும் பெடல் கல்லாக இருந்து பிறகு சட்டென்று விடுபடுகிற வண்டிகளில் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஸ்பிண்டில்கள் தனித்தனியாக நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் இணைப்புத் தண்டு. கிளாம்ப்கள் தளர்ந்த நிலையில் தண்டை விரல் நுனியால் சுழற்றுங்கள், இடவலமாக நகர்த்துங்கள். எதிர்ப்பே இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டு கார்புரேட்டரும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையிலுள்ள ஸ்பேசர், ஹீட் ஷீல்டு, கேஸ்கட்கள் இரண்டு பக்கமும் ஒரே தடிமனில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாக ஒரு கேஸ்கட் செருகப்பட்டிருந்தாலே போதும்.

சூட்டில் மட்டும் பிடிப்பதற்கும் இங்கே விடை கிடைக்கலாம். அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் நீளும், எஃகு சுமார் 12 மைக்ரான். இரண்டு கார்புரேட்டருக்கும் நடுவே 300 மி.மீ. என்று வைத்து, 60 டிகிரி ஏறினால் இரண்டுக்கும் வித்தியாசம் 0.2 மி.மீ. குளிரில் ஆட்டமே இல்லாமல் "டைட்டா இருக்கட்டும்" என்று கிளாம்ப்களை ஸ்பிண்டில்மீது தள்ளி இறுக்கிய தண்டு, சூட்டில் ஸ்பிண்டில்களைப் பக்கவாட்டில் நெருக்கும் அல்லது இழுக்கும். தண்டுக்கு நீளவாக்கில் ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவான ஆட்டம் இருக்க வேண்டும்.

தண்டிலிருந்து ஸ்பிண்டிலுக்கு அசைவைக் கொடுப்பது ஒரு முள்ளும், அந்த முள் நுழைகிற கவையும். முள் கவையில் இறுக்கமாக உட்காரக் கூடாது, கால் விட்டிருக்கும்போது நடுவே ஒரு சிறு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளிதான் காலை விட்டதும் ஒவ்வொரு கார்புரேட்டரும் தன் ஐட்லிங் ஸ்க்ரூவில் தானாக வந்து உட்கார இடம் கொடுக்கிறது. இதை அமைக்க, தண்டின் நிறுத்தத்துக்கும் கீழே உள்ள சோக் தண்டுக்கும் இடையே 0.012 அங்குல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, முள் கவையின் கீழ்க்கரத்தில் லேசாகத் தொடும்படி லீவரை வைத்து கிளாம்பை இறுக்குங்கள். கேஜை எடுத்ததும் தேவையான இடைவெளி கிடைத்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கார்புரேட்டர் முந்தித் திறக்கும்.

அடுத்தது கேபிள். முழுவதுமாகக் கழற்றித் தரையில் நேராகப் போட்டு உள்கம்பியை இழுத்துத் தள்ளிப் பாருங்கள், பிறகு வண்டியில் எந்த வளைவில் இருந்ததோ அந்த வளைவில் வைத்து அதையே செய்யுங்கள். வளைவில் மட்டும் கரகரத்தால் உறைக்குள் கம்பி அறுத்துவைத்திருக்கிறது. நைலான் அல்லது டெஃப்லான் உள்குழாய் உள்ள புதிய வகைக் கேபிளுக்கு ஆயில் போடாதீர்கள், தூசியைச் சேர்த்து அரைத்துவிடும். அந்தக் குழாய் சூட்டில் இளகும் என்பதால் எக்ஸாஸ்டிலிருந்து தள்ளியே போக வேண்டும். வெறும் எஃகு உறை கொண்ட பழைய கேபிளுக்கு மெல்லிய ஆயில் ஒன்றிரண்டு சொட்டு நல்லது.

கேபிளில் நான் முதலில் பார்ப்பது கார்புரேட்டர் பக்க நுனியில், கம்பியைப் பிடித்திருக்கும் சின்னப் பித்தளை உருளையை. லீவரின் துளைக்குள் அது தாராளமாகச் சுழல வேண்டும். லீவர் ஒரு வட்டவில்லில் நகர்கிறது, கம்பியோ நேர்கோட்டில் வருகிறது, இரண்டுக்கும் உள்ள கோண வித்தியாசத்தை அந்த உருளை சுழன்றுதான் சமாளிக்கிறது. அழுக்கேறியோ, யாரோ நட்டை வேகமாக இறுக்கியோ அது சுழலாமல் போனால், ஒவ்வொரு மிதிப்புக்கும் கம்பி அந்த இடத்திலேயே மடங்கி நிமிரும். மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக அறும். அறுந்த இழை முள்ளாக நீட்டிக்கொண்டு உறையின் வாயில் போய் மாட்டும். இழுக்கும்போது எளிதாக வெளியே வந்துவிடும், திரும்பும்போது மட்டும் குத்திக்கொண்டு நிற்கும். திறக்க லேசு, மூட மறுக்கிறது என்ற அறிகுறி வேறு எந்தப் பாகத்திலிருந்தும் இவ்வளவு சுத்தமாக வருவதில்லை. ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். நீட்டிய இழையை வெட்டிவிட்டு ஓட்டுவது வேண்டாம், மீதி இழைகளும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

பெடல் பக்கம் சொல்ல அதிகமில்லை. தரை விரிப்பு பெடலின் விளிம்பில் ஏறுகிறதா என்று பாருங்கள், பெடலின் அச்சைத் துடைத்து ஒரு துளி கிரீஸ் வையுங்கள். ஒன்று மட்டும் முக்கியம்: பெடலை முழுதாக மிதிக்கும்போது அது தன் நிறுத்தத்தில் மோத வேண்டும், த்ராட்டில் லீவர் மோதி நிற்கக் கூடாது. நிறுத்தம் தவறாக இருந்தால் உங்கள் காலின் பலம் முழுவதும் கேபிளிலும் பித்தளை ஸ்பிண்டிலிலும் இறங்கும். கேபிள் நீளும், ஸ்பிண்டில் முறுக்கும்.

கேபிளுக்குப் பதில் கம்பித் தண்டுகளும் பந்து மூட்டுகளும் கொண்ட வண்டி வைத்திருப்பவர்கள், டிரையம்ஃப் டிஆர்6, டாட்சன் 240இசட் போன்றவை, என்ஜின் மவுன்டையும் பார்த்தே ஆக வேண்டும். தண்டின் ஒரு முனை பாடியில், மறுமுனை என்ஜினில். மவுன்ட் ரப்பர் பிய்ந்து என்ஜின் முறுக்கில் எழும்பினால் த்ராட்டிலை அதுவே இழுத்துத் திறக்கும், திறந்த த்ராட்டில் முறுக்கை இன்னும் கூட்டும். 1971-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ 67 லட்சம் செவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது இந்தக் காரணத்துக்காகத்தான்.

இப்போது ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசலாம், ஏனென்றால் மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகே அதைத் தொட வேண்டும். ஒரு தடித்த ஸ்பிரிங்கைவிட இரண்டு மெல்லிய ஸ்பிரிங் மேல், ஒன்று உடைந்தாலும் மற்றது மூடிவிடும். 1973 செப்டம்பர் முதல் அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி எண் 124 கேட்பதும் இதைத்தான்: த்ராட்டிலை ஐட்லிங்குக்குத் திருப்ப குறைந்தது இரண்டு தனித்தனி விசை மூலங்கள் வேண்டும், ஒன்று செயலிழந்தாலும் மற்றது திருப்ப வேண்டும், கார்களில் அது ஒரு நொடிக்குள் நடக்க வேண்டும். உங்கள் வண்டி அந்த விதிக்கு முந்தையதுதான், ஆனாலும் அந்த ஒரு நொடியை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் மாறி மாறிக் கழற்றி, மீதியுள்ளது தனியே மூடுகிறதா என்று பாருங்கள்.

ஸ்பிரிங் மாட்டும் இடத்தையும் கவனியுங்கள். த்ராட்டிலை முழுதாகத் திறந்து பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஸ்பிரிங் இழுக்கும் கோடு ஸ்பிண்டிலின் மையத்தை நெருங்கினால் எவ்வளவு பலமான ஸ்பிரிங்கும் பயனில்லை. இழுவை இருக்கும், சுழற்றும் விசை இருக்காது. மையத்தைத் தாண்டிவிட்டாலோ அதே ஸ்பிரிங் த்ராட்டிலைத் திறந்தே பிடித்துக்கொள்ளும். ஹீட் ஷீல்டில் ஸ்பிரிங் மாட்டும் காது வளைந்திருந்தாலோ, நீளம் மாறிய ஸ்பிரிங்கைக் கைக்குக் கிடைத்த துளையில் மாட்டியிருந்தாலோ இது நடக்கும்.

உங்கள் வண்டியைப் பொறுத்தவரை என் கணிப்பு: முதல் சந்தேகம் தேய்ந்த ஸ்பிண்டில், இரண்டாவது ஆட்டமில்லாமல் இறுக்கிய இணைப்புத் தண்டு. கேபிள் மூன்றாவதுதான், ஏனென்றால் அது மட்டும் காரணமாக இருந்திருந்தால் அணைத்த என்ஜினிலும் அவ்வப்போது சிக்கியிருக்கும். ஆனாலும் வரிசையாகப் பிரித்துப் பாருங்கள், இரண்டு கோளாறு ஒன்றாக இருக்கும் வண்டிகளும் உண்டு.

சரி செய்த பிறகு ஐட்லிங் இறங்கிப்போய் என்ஜின் அணைந்தால் பதற வேண்டாம். இதுவரை சிக்கிய த்ராட்டிலையும் கசியும் காற்றையும் வைத்து ஐட்லிங் அமைக்கப்பட்டிருந்தது. இணைப்புத் தண்டின் கிளாம்ப்களைத் தளர்த்தி, இரண்டு கார்புரேட்டருக்கும் காற்று சமமாகப் போகும்படி ஐட்லிங் ஸ்க்ரூக்களைத் திருத்தி, பிறகு அந்த 0.012 அங்குல இடைவெளியை வைத்து இறுக்குங்கள். கடைசிச் சோதனையை என்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது, கார்புரேட்டர் லீவரைக் கையால் இழுத்து அல்லாமல், இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து பெடலை மிதித்து விடச் சொல்லிச் செய்யுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு. நீங்கள் பானெட் பக்கம் நின்று, ஒவ்வொரு முறை கால் எடுக்கும்போதும் இரண்டு லீவரும் ஐட்லிங் ஸ்க்ரூவின் நுனியில் வந்து மோதுவதைக் கண்ணால் பாருங்கள். மெதுவாக விட்டாலும், படக்கென்று விட்டாலும், கால்வாசி திறப்பிலிருந்தும், முழுத் திறப்பிலிருந்தும் மோத வேண்டும். முழுத் திறப்பை மட்டும் என்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள். நியூட்ரலில் எடையில்லாமல் சுற்றும் என்ஜினை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றக் கூடாது.